பழைய பேக்கப் சிடியும் புதிய லேப்டாப்பும்

புதிதாகக் கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வாங்கியவர்களிடம், "முதல் வேலையாக ஒரு இமேஜ் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்" என்று யாராவது ஒருவர் சொல்வார். நல்ல யோசனைதான். ஆனால் அப்படிச் சொல்பவர் பல நேரங்களில் கூடவே ஒரு பழைய சிடியையும் எடுத்துக் கொடுப்பார். "பத்து வருஷமா இதைத்தான் வச்சிருக்கேன், ஒரு தடவைகூட ஏமாத்தினதில்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் அது ஏமாற்றியிருக்காது. உங்கள் புதிய லேப்டாப்பில் அதை நம்பலாமா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். நான் நம்பி மாட்டிக் கொண்டவன் என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

இமேஜ் என்பது என்ன?

போட்டோக்களையும் கடிதங்களையும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வைத்தால் அது சாதாரண பேக்கப். கம்ப்யூட்டர் பழுதானால் விண்டோஸை மறுபடியும் பதிந்து, சாப்ட்வேர்களை ஒவ்வொன்றாகப் பதிந்து, பிரிண்டரை இணைத்து, அதன் பிறகு இந்தப் பைல்களைத் திரும்பப் போட வேண்டும். இமேஜ் அப்படி அல்ல. ஹார்ட் டிஸ்க் முழுவதையும், விண்டோஸ், சாப்ட்வேர்கள், பாஸ்வேர்டுகள், தமிழ் கீபோர்டு செட்டிங் எல்லாவற்றோடும் அப்படியே பெரிய பைலாகச் சுருட்டி வைப்பதுதான் இமேஜ். டிஸ்க் போய்விட்டால் புது டிஸ்க் வாங்கி, அந்த இமேஜை அதில் விரித்தால் போதும். பழைய இடத்திலிருந்தே வேலையைத் தொடரலாம்.

நான் இன்ஜினியரிங் படித்தபோது கல்லூரி லேபில் அறுபது கம்ப்யூட்டர்கள் இருந்தன. செமஸ்டர் முடிவதற்குள் பாதியில் வைரஸ் புகுந்து விடும். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒரு சிடியோடு வருவார். ஒவ்வொரு மெஷினாகப் போட்டு விட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போது எல்லாம் புது மெஷின் போல நிற்கும். பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும். இந்த வகை சாப்ட்வேர்களில் பெயர் பெற்றது கோஸ்ட். நியூசிலாந்தில் 1990-களின் நடுவில் உருவாகி, 1998-ல் சைமன்டெக் நிறுவனத்தின் கைக்குப் போய், நார்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. 2013 ஏப்ரலோடு அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. விற்பனை நின்றாலும் சிடிக்கள் நிற்கவில்லை. கோஸ்டும் அதைப் போன்ற மற்ற பழைய சாப்ட்வேர்களும் இன்றைக்கும் பல வீட்டு மேசை டிராயர்களில் இருக்கின்றன.

நான் மாட்டிக் கொண்ட கதை

என் அக்கா வீட்டிலிருந்தபடியே சில சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து தருகிறார். 2021-ல் அவருக்கு ஒரு புதிய லேப்டாப் வாங்கினோம். வீட்டில் அப்பா முன்பு காசு கொடுத்து வாங்கிய இமேஜிங் சாப்ட்வேர் ஒன்று இருந்தது. விண்டோஸ் 7 காலத்தது. அதையே அக்காவின் லேப்டாப்பிலும் பதிந்தேன். விண்டோஸ் 10 ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக் கொண்டது. சி டிரைவை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இமேஜ் எடுத்தது. "வெரிஃபை" கொடுத்துப் பார்த்தேன், இமேஜ் சரியாக இருக்கிறது என்றது. ஊருக்குப் போகும்போதெல்லாம் இப்படி ஒரு இமேஜ் எடுத்து வைப்பேன். கடைசியாக எடுத்தது 2022 தீபாவளிக்கு.

அதற்கு அடுத்த மாதம் 17-ம் தேதி காலை அக்காவிடமிருந்து போன். "டேய், லேப்டாப்ல கறுப்பா ஏதோ எழுத்து மட்டும் வருதுடா. இருபதாம் தேதிக்குள்ள அஞ்சு கடைக்கு ரிட்டர்ன் போடணும்." உள்ளே இருந்த எஸ்எஸ்டி செத்திருந்தது. எஸ்எஸ்டிக்கள் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க் போல டக் டக் என்று சத்தம் போட்டு எச்சரிப்பதில்லை. நேற்று வேலை செய்யும், இன்று இருக்காது.

எனக்குப் பதற்றமே இல்லை. இமேஜ்தான் இருக்கிறதே! புது எஸ்எஸ்டி ஒன்று வாங்கிக் கொண்டு இரவு பஸ் ஏறி விட்டேன். லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது என்பதால் நண்பனிடமிருந்து யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றையும் வாங்கிப் போனேன். எஸ்எஸ்டியை மாற்றி, சாப்ட்வேரின் ரெஸ்க்யூ சிடியைப் போட்டு ஆன் செய்தால், லேப்டாப் அந்த சிடியைக் கண்டு கொள்ளவே இல்லை. பூட் மெனுவில் அதன் பெயரே வரவில்லை. செக்யூர் பூட்டை ஆஃப் செய்து பார்த்தேன். அப்போதும் வரவில்லை.

சரியென்று அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் முயன்றேன். அங்கே சிடி உடனே பூட் ஆனது. புது எஸ்எஸ்டியை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு அதில் இணைத்து, இமேஜை அதில் விரித்தேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கியது முடிய ஒன்றரை ஆனது. "வெற்றிகரமாக முடிந்தது" என்று செய்தி வந்தது. எஸ்எஸ்டியை லேப்டாப்பில் பொருத்தி ஆன் செய்தேன். பூட் செய்யத் தகுந்த டிஸ்க் இல்லை என்றது.

கடைசியில் விண்டோஸைப் புதிதாகப் பதிந்து, அதில் பழைய சாப்ட்வேரைப் பதிந்து, இமேஜைத் திறந்து உள்ளிருந்த பைல்களை மட்டும் இழுத்துக் கொண்டோம். கணக்கு சாப்ட்வேரின் லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்ய அரை நாள் போனது. தீபாவளிக்குப் பிந்தைய பில்களை அக்காவும் அத்தானும் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள். கடைசி ரிட்டர்ன் இருபதாம் தேதி ராத்திரி போனது.

இமேஜ் கெட்டுப் போகவில்லை. சாப்ட்வேரும் கெட்டுப் போகவில்லை. பிறகு எது தவறியது?

எடுப்பது வேறு, போடுவது வேறு

இமேஜிங் சாப்ட்வேரில் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று விண்டோஸுக்குள் ஓடி இமேஜ் எடுக்கும் பாதி. இன்னொன்று, விண்டோஸே இல்லாதபோது சிடியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ கம்ப்யூட்டரை எழுப்பி, இமேஜைத் திரும்பப் போடும் பாதி. முதல் பாதி ஓடும்போது டிஸ்க்கைப் படித்துக் கொடுக்கிற கஷ்டமான வேலையை விண்டோஸே செய்து விடுகிறது. அதனால் பழைய சாப்ட்வேர் புதிய லேப்டாப்பிலும் நன்றாக வேலை செய்வது போலத் தெரியும். இரண்டாம் பாதிக்கு அந்த உதவி கிடையாது. அது எந்த வருடத்தில் எழுதப்பட்டதோ அந்த வருடத்து கம்ப்யூட்டர்களை மட்டுமே அதற்குத் தெரியும். அந்தப் பாதியை நாம் ஓட்டிப் பார்ப்பதோ, டிஸ்க் செத்த அன்றைக்குத்தான்.

இப்போது புதிய கம்ப்யூட்டர்களில் என்ன மாறியது என்று பார்ப்போம்.

முதல் மாற்றம், கம்ப்யூட்டர் எழும் முறை. பழைய கம்ப்யூட்டர்களில் பயாஸ் இருந்தது. அது டிஸ்க்கின் முதல் செக்டாரைப் படித்து, அதில் உள்ள சிறிய புரோகிராமை ஓட்டும். இப்போது வரும் மெஷின்களில் பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ. இது முதல் செக்டாரில் உள்ள புரோகிராமை ஓட்டாது. டிஸ்க்கில் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு சிறிய பார்ட்டிஷனைத் தேடி, அதிலிருக்கும் பூட் பைலை ஓட்டும். சில வருடங்கள் இரண்டு முறைகளையும் ஏற்கும் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றில் பழைய சிடியும் ஓடும். இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் பழைய முறை அடியோடு எடுக்கப்பட்டு விட்டது. அக்காவின் லேப்டாப் சிடியைக் கண்டு கொள்ளாததற்குக் காரணம், அந்த சிடியில் யுஇஎஃப்ஐ தேடும் பைல் இல்லாததே. செக்யூர் பூட்டை ஆஃப் செய்வதால் இல்லாத பைல் வந்து விடாது.

இரண்டாவது, டிஸ்க்கைப் பிரிக்கும் முறை. பழைய முறைக்கு எம்பிஆர் என்று பெயர். அதில் செக்டார்களை எண்ண 32 பிட்களே உண்டு. அதனால் 512 பைட் செக்டார்கள் கொண்ட டிஸ்க்கில் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் அதனால் எண்ண முடியாது. புதிய முறை ஜிபிடி. உங்கள் லேப்டாப்பில் சி டிரைவ் ஒன்றுதான் இருப்பதாக மை கம்ப்யூட்டர் காட்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் பாருங்கள். சில நூறு எம்பி அளவில் ஒரு பூட் பார்ட்டிஷன், அடுத்து சி டிரைவ், கடைசியில் ரெக்கவரி பார்ட்டிஷன் என்று வரிசையாக இருக்கும். இவை போக 16 எம்பி அளவில் விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக் கொண்ட இடம் ஒன்றும் உண்டு, அது அங்கேகூடத் தெரியாது. நான் சி டிரைவை மட்டும் இமேஜ் எடுத்தேன். பழைய சிடி அதைப் புது எஸ்எஸ்டியில் எம்பிஆர் முறையில் போட்டது. லேப்டாப் தேடிய பூட் பார்ட்டிஷன் அங்கே இல்லவே இல்லை. பைல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தும் மெஷின் எழாததன் காரணம் இதுதான். (இந்த நிலையில் டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றி, பூட் பைல்களைப் புதிதாக உருவாக்க விண்டோஸிலேயே கருவிகள் உண்டு. விடிகாலை இரண்டு மணிக்கு எனக்கு அது தோன்றவில்லை.)

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஜிபிடி டிஸ்க்கின் முதல் செக்டாரில், பழைய சாப்ட்வேர்களுக்காகவே ஒரு போலி எம்பிஆர் எழுதப்பட்டிருக்கும். "இந்த இடத்தில் ஆள் இருக்கிறார்கள், தொடாதே" என்று காலி மனையில் பலகை வைப்பது போல. விஷயம் தெரியாத பழைய சாப்ட்வேர் இதைப் பார்த்து விட்டு, பெயர் தெரியாத ஒரே பெரிய பார்ட்டிஷன் இருப்பதாகக் காட்டும். சில, "பார்ட்டிஷன் டேபிளில் பிழை இருக்கிறது, சரி செய்யவா?" என்று கேட்கும். எஸ் என்று மட்டும் கொடுத்து விடாதீர்கள். பிழை எதுவும் இல்லை. அது சரி செய்யப் போனால்தான் பிழை வரும்.

மூன்றாவது, டிஸ்க்கே மாறி விட்டது. இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கள்தான். என்விஎம்இ முறையின் முதல் பதிப்பே 2011-ல்தான் வெளிவந்தது. அதற்கு முந்தைய சிடி எப்படியோ பூட் ஆனாலும் உள்ளே டிஸ்க் எதுவும் இல்லை என்று காட்டும். இன்டெல்லின் 11-ம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற ஒரு வசதியும் சேர்ந்து கொண்டது. அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் விண்டோஸ் பதியும் பென் டிரைவுக்குக்கூட டிஸ்க் தெரியாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரை எடுத்து இன்னொரு பென் டிரைவில் வைத்துக் கொள்வது நல்லது.

நான்காவதுதான் புது கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாதது. உங்கள் டிஸ்க் ஏற்கனவே பூட்டப்பட்டிருக்கலாம். விண்டோஸ் 11-ல் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கொடுத்து நுழைந்திருந்தால், பல மெஷின்களில் பிட்லாக்கர் முறையில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி விடும். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகமாகி விட்டது. இப்படிப் பூட்டிய டிஸ்க்கை வெளியிலிருந்து பூட் செய்யும் சாப்ட்வேர் பார்த்தால், அதற்குத் தெரிவது அர்த்தமில்லாத எண்கள் மட்டுமே. எந்த இடம் காலி என்றும் அதற்குத் தெரியாது. ஆகவே டிஸ்க்கில் 60 ஜிபி மட்டும் இருந்தாலும் 512 ஜிபியையும் காப்பி செய்யும். அந்த இமேஜிலிருந்து ஒரு போட்டோ வேண்டுமென்றாலும் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் எடுக்க முடியாது.

உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகை?

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி "சிஸ்டம் இன்பர்மேஷன்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்து திறந்து கொள்ளுங்கள். அதில் "பயாஸ் மோட்" என்ற வரிக்கு எதிரே யுஇஎஃப்ஐ என்று இருந்தால் புதிய வகை. லெகசி என்று இருந்தால் பழைய வகை. அடுத்து செட்டிங்ஸில் "பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி" பிரிவுக்குள் "டிவைஸ் என்கிரிப்ஷன்" என்று இருக்கிறதா, ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன், மைக்ரோசாப்ட் தளத்தில் உங்கள் அக்கவுண்ட்டுக்குள் போய் ரெக்கவரி கீயைக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். லேப்டாப்பிலேயே சேவ் செய்து வைப்பதில் பயன் இல்லை. செக்யூர் பூட்டை ஆஃப் செய்தாலே விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம்.

லெகசி என்று வந்து, விண்டோஸ் 7 அல்லது அதற்கு முந்தையது ஓடுகிற பழைய மெஷின் என்றால் உங்கள் பழைய சிடி போதும். சொல்லப் போனால் அதுவே நல்லது. கடையில் பில் போடும் பழைய எக்ஸ்பி மெஷினுக்கு நான் இன்றும் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

அப்படியென்றால் எதைப் பயன்படுத்துவது?

டிஸ்க் என்கிரிப்ட் ஆகாத புதிய லேப்டாப்புக்கு, புதியவர்களுக்கு நான் சொல்வது ரெஸ்க்யூஸில்லா. இலவசம். தைவானில் உருவான குளோன்ஸில்லா என்ற புகழ்பெற்ற சாப்ட்வேருக்கு மவுஸால் கிளிக் செய்யும் திரை போட்டது போல இருக்கும். அதன் ஐஎஸ்ஓ பைலை டவுன்லோடு செய்து, ரூஃபஸ் போன்ற ஒரு சாப்ட்வேரால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் ஏற்கனவே இருப்பது எல்லாம் அழிந்து விடும், ஜாக்கிரதை. பிறகு விண்டோஸை ஷட் டவுன் செய்யும்போது ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக ஷட் டவுன் செய்தால், அடுத்த முறை வேகமாக எழுவதற்காக விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் டிஸ்க்கை வெளியிலிருந்து படிப்பது சரியல்ல. ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, "பேக்கப்" என்பதில் கிளிக் செய்யுங்கள். எந்த டிஸ்க் என்று கேட்கும். பிறகு பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். எல்லாவற்றிலும் டிக் இருக்க வேண்டும். நான் செய்தது போல சி டிரைவை மட்டும் எடுக்காதீர்கள்.

டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், விண்டோஸுக்குள்ளிருந்து ஓடும் புதிய சாப்ட்வேர் நல்லது. விண்டோஸ் திறந்திருக்கும்போது பூட்டும் திறந்தே இருக்கும். வீம் ஏஜென்டின் இலவசப் பதிப்பு இந்த வேலையைச் செய்யும். இதில் எடுத்த இமேஜில் உங்கள் பைல்கள் பூட்டு இல்லாமல் இருக்கும் என்பதால், எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அலமாரியில் பூட்டி வையுங்கள். பலரும் விரும்பிப் பயன்படுத்திய மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்புக்கு 2024 ஜனவரி 1 முதல் ஆதரவு கிடையாது. இன்று நன்றாக ஓடினாலும், நாளை அதுவும் டிராயரில் கிடக்கும் பழைய சிடிதான். கன்ட்ரோல் பேனலில் "பேக்கப் அண்ட் ரீஸ்டோர்" என்ற தலைப்பில் விண்டோஸே ஒரு இமேஜ் வசதி வைத்திருக்கிறது. அதையும் 2017-லேயே மைக்ரோசாப்ட் கைவிடப் போவதாக அறிவித்து விட்டது. எதுவும் இல்லாததற்கு அது மேல்.

ஒத்திகை பாருங்கள்

எந்த சாப்ட்வேராக இருந்தாலும், இமேஜ் எடுத்த அன்றே ஒரு ஒத்திகை பாருங்கள். பதினைந்து நிமிடம் போதும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இணைத்து, ரெஸ்க்யூ பென் டிரைவில் பூட் செய்து "ரீஸ்டோர்" வரை போங்கள். மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். பென் டிரைவில் லேப்டாப் எழுகிறதா? லேப்டாப்பின் உள் டிஸ்க், சரியான அளவோடு பட்டியலில் வருகிறதா? எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உள்ள இமேஜை அது கண்டுபிடிக்கிறதா? மூன்றும் சரியென்றால் அங்கேயே கேன்சல் கொடுத்து வெளியே வந்து விடுங்கள். கடைசி "எஸ்" பட்டனைத் தொட்டு விடக் கூடாது. வெறும் வெரிஃபை மட்டும் போதாது என்பது நான் பட்டுத் தெரிந்து கொண்டது. இமேஜ் பைல் கெடவில்லை என்றுதான் அது சொல்லும். அதைப் போட முடியுமா என்பதைச் சொல்லாது.

புது டிஸ்க் வாங்க நேர்ந்தால் பழைய டிஸ்க்கின் அளவு, இல்லையென்றால் அதை விடப் பெரியதாக வாங்குங்கள். சிறிய டிஸ்க்கில் விரிக்கப் பல சாப்ட்வேர்கள் மறுத்து விடும். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஃபேட்32 முறையில் பார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை அது ஏற்காது. என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக் கொள்ளுங்கள். மாற்றும்போது அதில் இருப்பது அழியும் என்பதால் காலியாக இருக்கும்போதே செய்து விடுவது நல்லது.

அக்காவின் லேப்டாப்புக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை இமேஜ் எடுக்கிறோம். அன்றாடக் கணக்குப் பைல்களை மட்டும் அவரே தினமும் மாலை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து விடுகிறார். ரெஸ்க்யூ பென் டிரைவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, லேப்டாப்பின் மாடலையும் கடைசியாக ஒத்திகை பார்த்த தேதியையும் எழுதி வைத்திருக்கிறோம். விண்டோஸில் பெரிய அப்டேட் வந்தால் ஒத்திகையை மறுபடியும் பார்த்து விட்டுத் தேதியை மாற்றுகிறோம்.